முப்பத்தேழு முறை மூடிய புகார்

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவில் அவருக்கு ‘அஞ்சு நிமிஷம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. எந்த வார்டிலிருந்து போன் வந்தாலும், “அஞ்சு நிமிஷம் குடுங்கம்மா” என்பார்; சொன்னபடி முடித்தும் கொடுப்பார். அடுத்த பிரிவுத் தலைவர் அவர்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவர் மனைவி தன் அண்ணனிடம்கூடச் சொல்லிவிட்டார்.

அதிகம் வந்த புகார் ஒன்றுதான். லேப் ரிப்போர்ட் வார்டுத் திரையில் வரவில்லை. அவர் சர்வரை ரீஸ்டார்ட் செய்வார், திரை உயிர் பெறும், புகார் மூடப்படும். அடுத்த வாரம் அதே கூத்து. ஒவ்வொரு முறையும் புதுப் புகாராகவே பதிவானதால், எல்லாம் ஒரே கோளாறு என்று யாருக்கும் உறைக்கவில்லை. அவருக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

மூன்றாவது மாடியில் ஓர் அம்மாள் இறந்துபோனார். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு டாக்டர் கைக்குப் போகவே இல்லை. அனுப்பியாகிவிட்டது என்று லேப் பதிவு சொன்னது. பழி முழுக்க வார்டு நர்ஸ் தலையில் விழுந்தது. திரையில் வந்ததைப் பார்க்காமல் விட்டாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

விசாரணைக்குப் பழைய புகார்களை எடுத்துத் தரும் பொறுப்பு அவரிடம் வந்தது. மூடியவற்றை முதல்முறையாக ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினார். பதினொரு மாதத்தில் முப்பத்தேழு. எல்லாமே காலை எட்டு மணிவாக்கில், லேப் முடிவுகளை மொத்தமாக அனுப்பும் நேரத்தில். வார்டுகளுக்குப் போகவேண்டிய முடிவுகளின் வரிசை சர்வரில் திணறி நின்றிருக்கிறது. அப்போது ரீஸ்டார்ட் செய்தால் வரிசையில் காத்திருப்பவை என்ன ஆகும்? சோதித்துப் பார்த்தார். அழிந்துபோயின. வார்டில் விடாமல் கேட்டவற்றை லேப் மறுபடி அனுப்பியிருக்கிறது. மற்றவை போனது போனதுதான். அந்த அம்மாளின் முடிவு கிளம்பிய காலையில், எட்டு பத்துக்கு ரீஸ்டார்ட் செய்தவர் அவர்.

“தனித்தனியாவே குடுத்திருங்கண்ணே,” என்றான் பக்கத்து மேசைக்காரன். “யாரு அடுக்கிப் பாக்கப்போறா?”

அடுக்கியபடியே கொடுத்தார். விசாரணை அறையில் அவரே வாசித்தார். எதிரே உட்கார்ந்திருந்த நர்ஸ் முழுதும் கேட்டாள்.

“அப்ப... நான் பாக்காம விடலையா சார்?”

“இல்லம்மா. உங்க ஸ்கிரீனுக்கு அது வரவே இல்ல. நான்தான் அழிச்சிட்டேன்.”

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. “ஆறு வாரமா அந்தம்மா முகந்தான் சார் கண்ணுல நிக்குது,” என்றாள்.

அந்த அம்மாளை அவர் பார்த்ததே இல்லை. எப்படி இருப்பார் என்று கேட்க வாய் வரவில்லை.