புகைப்பெட்டிக் கண்ணாடி துடைத்த காலம்

கண்ணாடி துடைக்கிறவன் ஒழுங்காக வேலை செய்தால் அவன் செய்தது யார் கண்ணுக்கும் தெரியாது; ஒரு நாள் செய்யாமல் விட்டால் ஊருக்கே தெரியும். பாத்திரம் கழுவுகிறவர்களும் தரை துடைக்கிறவர்களும் இதைப் படித்தால், நம்ம ஆள் என்று என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி உத்தியோகம்

ஐம்பதுகளில் ஓசூரைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் ஒரு சின்ன கம்பெனி இருந்தது. பன்றித்தொடையை உப்புப் போட்டு, புகையில் வாட்டி, பெங்களூர் கிளப்புகளுக்கு அனுப்புவார்கள். முதலாளி ஒரு ஆங்கிலோ-இந்தியர், எங்கள் பேச்சில் சட்டைக்கார துரை. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி செய்து, அதன் கதவுக்குக் கண்ணாடி போட்டிருந்தார். கறி தொங்கி வேகிறதை வருகிறவர்கள் வெளியிலிருந்தே பார்க்கவேண்டுமாம். அடியில் விறகு புகையும். அந்தப் புகை கண்ணாடியில் வழிந்து, காய்ந்து, கருப்புப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. அது நான்.

சூளகிரியில் என் வீட்டிலும் மாமனார் வீட்டிலும் 'கம்பெனியில் மிஷின் வேலை' என்று சொல்லி வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்து, மாப்பிள்ளை ஓட்டுகிற மிஷினைப் பார்க்க மாமனார் பஸ் ஏறி வந்துவிட்டார். நான் முழங்கை வரை கரியோடு, கையில் சாம்பல் துணியோடு நின்றேன். பெட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கோபப்படவில்லை. பஸ் ஏறும்போது சொன்னார்:

"நம்ம வீட்டு ஜன்னலுக்கு எதுக்குமே கண்ணாடி இல்லீங்க மாப்ள. இருந்திருந்தா இவ்வளவு தூரம் உங்களை அலைய விட்டிருக்க மாட்டேன்."

ஆளுக்கொரு வைத்தியம்

அந்தப் பிசின் தண்ணீருக்கு அசையாது. உப்புப் போடும் வேலையில் இருந்த புட்டம்மாதான் எனக்கு வழி காட்டினாள். கன்னடக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சாம்பலை நன்றாகச் சலித்து, ஈரத்துணியில் தொட்டு, கண்ணாடி கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு வட்டமாகத் தேய்க்கச் சொன்னாள். மிச்சம் இருக்கிற கறைக்குச் சலவை சோடா. அதைவிட நல்ல வழி இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆனால் எங்கள் மேனேஜருக்குச் சாம்பல் என்றால் இளப்பம். கம்பெனி என்று பெயர் வைத்துவிட்டு அடுப்புச் சாம்பலால் தேய்ப்பதா என்றார். முதலில் செங்கல் தூள் கொடுத்தார். ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்ததுமே கண்ணாடியில் கீறல் விழுந்தது. பிறகு மண்ணெண்ணெயில் தேய்க்கச் சொன்னார். கறியில் வாசம் ஏறுமே என்றேன். சொன்னதைச் செய் என்றார், செய்தேன். கறை போனது, பளபளவென்று இருந்தது. நாலாம் நாள் கிளப்பு பட்லர் மொத்தச் சரக்கையும் வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். மேனேஜர் என்னைக் கை காட்டினார். பட்லர் யாரையும் திட்டவில்லை. ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"துரைங்க கேட்டுட்டு வரச் சொன்னாங்க. இதைத் தட்டுல வைக்கறதா, அரிக்கேன் விளக்குல ஊத்தறதா?"

பாதிக் கண்ணாடி

மேனேஜர் வெங்காயம்கூடச் சாப்பிடாதவர். கறி கிடக்கும் பக்கமே திரும்பமாட்டார். கண்ணாடியின் சுத்தத்தை மட்டும் தினமும் வந்து சோதிப்பார். ஒரு நாள் யாரோ பெரிய விருந்தாளி வருகிறார் என்று, முகம் தெரிகிற மாதிரி துடைக்கச் சொன்னார். காலையெல்லாம் உட்கார்ந்து துடைத்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சோதிக்க வந்த மேனேஜருக்குக் கதவில் கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. ஒரு முழ தூரத்தில் எட்டுத் தொடைகள் கொழுப்பு சொட்டத் தொங்கின. மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கொஞ்சம் மங்கலாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மங்கலாக விட்டால் துரை திட்டுவார். நான் என்ன செய்ய? துரை ஆறடி உயரம், மேனேஜர் அவர் மார்பு வரைதான் வருவார். மேல்பாதியை நன்றாகத் துடைத்தேன், கீழ்ப்பாதியைக் கறையோடு விட்டேன். மறுநாள் மேனேஜர் வந்து, தன் கண்ணுக்கு நேராக இருந்த கறையைத் திருப்தியாகப் பார்த்தார்.

"இப்பத்தான்ப்பா நீ வேலை கத்துக்கிட்டே."

உடைந்தது

பெங்களூரிலிருந்து ஒரு ஓட்டல்காரர் சரக்கு பார்க்க வந்தார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பெட்டி நல்ல சூட்டில் இருந்தது, கண்ணாடி கருப்பாக இருந்தது. ஆறட்டும் என்று நான் சொல்லச் சொல்ல, மேனேஜர் ஒரு வாளிக் கிணற்றுத் தண்ணீரைத் தூக்கிக் கண்ணாடி மேல் வீசினார். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கண்ணாடி சில்லுச் சில்லாகச் சிதறியது. பக்கத்தில் நின்ற புட்டம்மாவின் கையை ஒரு சில் ஆழமாகக் கிழித்துவிட்டது. என் தலைத்துண்டை அவிழ்த்து அவள் கையைக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை.

துரை ஓடிவந்தார். யார் தண்ணீர் ஊற்றியது என்றார். மேனேஜர் கொஞ்சமும் யோசிக்காமல் என் பெயரைச் சொன்னார். துரை என்னைப் பார்த்து, கிளம்பு என்று வாசல் பக்கம் கை நீட்டினார். வீட்டில் என் மனைவிக்கு அது எட்டாவது மாதம். புட்டம்மா எப்போதும் கன்னடத்தில்தான் பேசுவாள். அன்று எல்லோருக்கும் புரியட்டும் என்று, வெட்டுப்பட்ட கையைப் பிடித்துக்கொண்டே தமிழில் சொன்னாள்:

"வாளி இன்னும் மேனேஜர் கையிலதான் இருக்கு, தொரே."

பெங்களூர் புத்தி

நான் தப்பித்தேன். மேனேஜரும் தப்பித்தார், மேனேஜர்கள் தப்பித்துவிடுவார்கள். புட்டம்மாவின் கையில் ஏழு தையல். அதற்கப்புறம் இரண்டு விரல் அவளுக்கு மடங்கவே இல்லை.

புதுக் கண்ணாடி போட பெங்களூரிலிருந்து ஒரு ஃபிட்டர் வந்தான். வேலை முடிந்ததும் விறகுக் குவியலில் ஒரு கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தான். பச்சை விறகை எரித்து, மேலே புகைத்துவாரத்தையும் மூடி வைத்தால் பிசின் படியாமல் என்ன செய்யும் என்று கேட்டான். காய்ந்த விறகு போடு, துவாரத்தைக் கொஞ்சம் திற, அவ்வளவுதான் என்றான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதத்திலிருந்து இதையே நான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று முறை மேனேஜரிடம், ஒரு முறை துரையிடமே. மறுநாளே காய்ந்த விறகு வந்தது. அந்த வாரம் முழுக்கக் கண்ணாடியில் மஞ்சளாக ஒரு படலம், அவ்வளவுதான். ஒரே துடைப்பில் போனது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு வருத்தத்தோடு கேட்டார்:

"இவ்வளவு சின்ன விஷயம், ஏன்ப்பா நீ முன்னாடியே சொல்லல?"

நாலு வருஷம் அங்கே தேய்த்ததில், சாம்பலுக்கும் சோடாவுக்கும் கடைசிவரை அசையாத கறை மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான்.