கையில் கொடுக்காத கத்தி

கத்தி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கூர்மையைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். கட்டைவிரலை அலகின் மேல் வைத்து, புருவத்தை உயர்த்தி, பெரிய நிபுணர்களைப் போலத் தலையாட்டுவார்கள். இராணுவத்திலிருந்து வந்த கோப்பரல் அப்படிச் செய்யவில்லை. கத்தியை உறையோடு எடுத்துக் காதருகே கொண்டுபோய் மெல்லக் குலுக்கினார். உள்ளே டக் டக்கென்று ஒரு சத்தம். "இது வேணாம்" என்று திருப்பி வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். சத்தம் வந்தால் என்ன என்று கேட்டேன். "காட்டுல நான் எங்க நிக்கிறேன்னு எல்லாருக்கும் சொல்லிக்கிட்டே போகும்லா" என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வந்தது.

ஜார்ஜ்டவுனில் சூலியா தெருவை ஒட்டிய ஒரு பழைய கடைவரிசையில் எங்கள் கடை. கூடாரம், காட்டுக் காலணி, தண்ணீர்க் குடுவை, கயிறு, கத்தி எல்லாம் விற்போம். முதலாளி சீனர். மதியச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். நான் செபராங் ஜெயாவிலிருந்து பஸ் பிடித்து, ஃபெர்ரி ஏறி வேலைக்கு வருவேன். இன்றும் அப்படித்தான் வருகிறேன். கோப்பரல் வந்தது பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால், எனக்கு இருபத்தேழு வயது நடந்தபோது. அவருடைய பெயர் தெரியும். எழுத மாட்டேன்.

நம் ஊரில் கடைக்குள் கால் வைக்கிற தமிழர் அத்தனை பேரும் உறவுக்காரர்கள்தான். அண்ணே, அக்கா, தம்பி இல்லாமல் ஒரு பொட்டு நூல்கூட விற்க முடியாது. நானும் "என்ன வேணும் அண்ணே?" என்றுதான் தொடங்கினேன். பதிலுக்குத் 'தங்கச்சி' வரவில்லை. "கத்தி பாக்கணும். மடக்குறது வேணாம்" என்றார், அவ்வளவுதான். அடுத்தடுத்து மூன்று சனிக்கிழமைகள் வந்தார், கடைசி நிமிடம்வரை முறை சொல்லிக் கூப்பிடவில்லை. முதல் வாரம் இது என்ன மரியாதை இல்லாத ஆள் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் நானும் 'அண்ணே'வைக் கைவிட்டேன். முதலாளி கூப்பிட்டதைப் பார்த்து கோப்பரல் என்று மாற்றிக்கொண்டேன். இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

கத்தி விற்பதில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் கையிலும் கொடுக்க மாட்டேன். கண்ணாடி மேசையின் மேல் ஒரு பச்சைத் துணி விரித்திருக்கும். அதில் வைப்பேன், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அம்மா வளர்த்த வளர்ப்பு அது. உப்பு, மிளகாய், கத்தி இந்த மூன்றையும் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவளுக்கும் வாங்கியவளுக்கும் உறவு முறியும் என்பார். அம்மாவும் பெரியம்மாவும் பேசாமல் போனதற்கே ஒரு அரிவாள்மணைதான் காரணம் என்று சத்தியம் செய்வார். நான் படித்தவள், நம்பவில்லை. ஆனாலும் கை கேட்காது. முதலாளி முதலில் கேலி செய்தார், பிறகு இதுவும் ஒரு பாதுகாப்புதான் என்று விட்டுவிட்டார்.

முதல் சனிக்கிழமை கடையிலிருந்த பதினோரு கத்திகளையும் துணிக்கு வரவழைத்தார். ஒவ்வொன்றிலும் அவர் தேடியது ஒன்றுதான்: அலகின் இரும்பு கைப்பிடிக்குள் பாதியிலேயே நின்றுவிடுகிறதா, கடைசிவரை ஓடுகிறதா. பாதியில் நிற்பதை எல்லாம் ஒதுக்கினார். மிச்சம் நான்கு. அவற்றில் ஒன்று முழங்கை நீளம் இருந்தது. வெட்டுவதற்குப் பாராங் அரிவாள் இருக்கும்போது இது எதற்கு என்று அதையும் தள்ளினார். கயிறு அறுக்க, டின் திறக்க, குச்சி சீவ, மண்ணைக் கிளற ஒரு கத்தி, எப்போதும் இடுப்பில் இருக்க வேண்டிய கத்தி, அதுதான் அவருக்கு வேண்டும். பிறகு கை கழுவும் இடம் எங்கே என்று கேட்டார். பின்பக்கம் போய் இரண்டு கையிலும் சோப்பைப் பூசிக்கொண்டு வந்து நின்றார்! நுரையோடு ஒவ்வொரு கைப்பிடியாகப் பிடித்துப் பார்த்தார். முதலாளி தூக்கம் கலைந்து பார்த்துவிட்டு, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். சோப்பு எல்லாவற்றையும் நான்தான் துடைத்தேன். கோபமே வரவில்லை.

ஏன் இவ்வளவு என்று அன்றே கேட்டேன். முன்பு பாசார் மாலம் இரவுச் சந்தையில் பார்ப்பதற்கு அழகாக ஒரு கத்தி வாங்கியிருந்தாராம். ஆறு தாண்டும்போது கூட வந்தவனின் பை வார் தண்ணீருக்கடியில் கிளையில் சிக்கிக்கொண்டது. கோப்பரல் கத்தியை எடுத்து வாரில் வைத்து இழுத்தார். அலகு வாரிலேயே நின்றுவிட்டது, கைப்பிடி மட்டும் கையோடு வந்தது. "பின்னால வந்தவன்கிட்ட இன்னொரு கத்தி இருந்துச்சு. அதான் அவன் இன்னைக்கு மீ கோரேங் தின்னுக்கிட்டு இருக்கான்" என்றார். அடுத்த மாதம் சபாவுக்கு மாற்றல், எல்லைக் காடு என்றும் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்குக் கத்தி காட்டுவது எனக்கு வியாபாரமாகத் தோன்றவில்லை. இந்த மனிதன் திரும்பி வருவதும் வராததும் என் மேசையில் இருக்கிற ஏதோ ஒன்றைப் பொறுத்தது என்ற பயம் வந்துவிட்டது.

இரண்டாம் சனிக்கிழமை இரண்டு கத்திகளில் வந்து நின்றோம். 'நின்றோம்' என்று எழுதுகிறேன், உண்மையும் அதுதான். பளபளவென்ற ஸ்டெயின்லெஸ் ஒன்று, கறுப்புப் பூச்சு பூசிய சாதா எஃகு ஒன்று. நான் துருப்பிடிக்காததை எடுக்கச் சொன்னேன். துருவாவது கண்ணுக்குத் தெரியும், எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொள்ளலாம், மழுங்கிவிட்டால் அந்தப் பளபளப்பை ஆற்றுக் கல்லில் தீட்டி வழிக்குக் கொண்டுவர முடியாது என்றார். கறுப்பு வென்றது. ஆனால் அதற்கு வந்த உறை தோல். தொட்டால் கன்றுக்குட்டி மாதிரி இருக்கும், எனக்கு ரொம்பப் பிடித்த உறை. மழையில் ஊறினால் ஒரு வாரம் காயாது, தையல் இற்றுப்போகும் என்று ஒரே பேச்சில் தள்ளிவிட்டார். அவருக்குக் கெட்டி பிளாஸ்டிக்கில், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை வைத்து, தலைகீழாகப் பிடித்து உதறினாலும் கத்தி நழுவாத உறை வேண்டும். அதிலும் ஒரு தொல்லை, மனிதர் இடக்கைக்காரர். வருகிற உறைகள் எல்லாம் வலது இடுப்புக்குத்தான்.

"நான் வரவழைச்சுத் தரேன்" என்றேன், கடையே என்னுடையது போல. அந்த வாரம் முழுக்கப் படப் புத்தகங்களைப் புரட்டினேன். கோலாலம்பூருக்கு நாலு முறை போன் போட்டேன். வார் பிடியைக் கழற்றி இடப்பக்கம் மாற்றித் திருகிக்கொள்ளக்கூடிய உறை ஒன்று இருக்கிறது என்று கடைசியில் கண்டுபிடித்தேன். வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. நானே பிடியை இடப்பக்கம் மாற்றித் திருகினேன். கத்தியை உள்ளே செருகிக் காதருகே வைத்துக் குலுக்கினேன். சத்தம் இல்லை. மறுபடியும் குலுக்கினேன். முதலாளி கண்ணைத் திறந்து, "சூடா கிலா கா?" என்றார். பைத்தியம் பிடித்துவிட்டதா என்றால், பிடித்துத்தான் இருந்தது. அன்று மாலை ஃபெர்ரியில் பட்டர்வொர்த் வரும்வரை எதைப் பார்த்தாலும் எனக்கு நன்றாக இருந்தது.

மூன்றாம் சனிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். உறையை இடுப்பில் மாட்டி, பார்க்காமலே உருவி, பார்க்காமலே செருகினார். குனிந்தார், மண்டியிட்டார், எழுந்தார். தலைகீழாக உதறினார். காதருகே குலுக்கினார். "சரியா இருக்கு" என்றார். பிறகு போகாமல் நின்றார். பாதிரிமார் நடத்திய விடுதியில் வளர்ந்ததையும், அம்மா முகம் ஞாபகமில்லை என்பதையும், லீவு கிடைத்தால் போய் இறங்க ஒரு வீடு இல்லை என்பதையும் அன்றுதான் சொன்னார். கேட்காமலே சொன்னார். நான் கத்தியை உறையோடு எடுத்துப் பெட்டியில் வைக்கப் போனேன். "பெட்டி வேணாம்" என்றார். கையை நீட்டினார்.

"இன்னைக்கு மட்டும் கையில குடுங்களேன்."

நீட்டியது வலது கை. எல்லாவற்றுக்கும் இடது கையையே பயன்படுத்துகிற மனிதர் அன்று வலது கையை விரித்து நீட்டினார். அதை நான் பார்த்தேன். அது கத்தியைப் பிடிக்க நீட்டிய கை இல்லை என்றும் உள்ளுக்குள் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் என் தலைக்குள் அம்மாதான் பேசினார். யாரோடு வேண்டுமானாலும் உறவு முறியட்டும், இவரோடு கூடாது. சபாவுக்குப் போகிறவர், அவர் கையில் இதைக் கொடுத்து நானே அறுத்துவிடக் கூடாது. காரணத்தைச் சொல்லலாம் என்றால், சொல்ல வாயெடுத்தால் மனதில் இருப்பது அத்தனையும் வெளியே வந்துவிடும். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, கத்தியைப் பச்சைத் துணியில் வைத்தேன்.

கொஞ்ச நேரம் அவர் துணியையே பார்த்தார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, இடது கையால் கத்தியை எடுத்தார். "தேங்க்ஸ் தங்கச்சி" என்றார்.

மூன்று வாரமாக வராத அந்த ஒரு சொல் அப்போது வந்தது. நானும் அதை அப்படியே நம்பினேன். நானாகத்தான் ஏதேதோ கற்பனை செய்துகொண்டேன், அவருக்கு நான் கடைக்காரத் தங்கச்சிதான் என்று முடிவுகட்டினேன். அன்று ஃபெர்ரியில் அழுதேன், காற்றில் கண் எரிகிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். சபாவில் மழை என்று செய்தியில் வந்தால் இன்றும் கவனித்துக் கேட்பேன். எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு அவர்தான் காரணம் என்று சொன்னால் பொய். பெண் பார்த்தார்கள், சரிவரவில்லை, அம்மா படுக்கையில் விழுந்தார், வருடம் ஓடிவிட்டது. ஆனால் சனிக்கிழமைகளில் கடைவாசலில் ஒட்ட வெட்டிய தலைமுடியோடு ஒரு உருவம் நிழலாடினால் ஏக்கம் வந்து நெஞ்சைப் பிடிக்கத்தான் செய்தது. அதை மறைத்து எழுதுவதில் பயன் இல்லை.

போன மாதம் நிபோங் திபாலிலிருந்து ஒரு தம்பி வந்தான். இராணுவத்தில் இருக்கிறான், லீவில் வந்தவன். கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி இருக்கா அக்கா? எங்க சார்ஜனோடது. எத்தனை வருஷம் ஆகியும் இன்னும் ஆடல" என்றான். கறுப்பு உறை. பிடி இடப்பக்கம் திருகப்பட்டிருந்தது. அந்தத் திருகுகளை எனக்குத் தெரியாதா? கோப்பரல் இப்போது சார்ஜன் ஆகியிருந்தார்.

அவர் எப்படி இருக்கிறார் என்று எவ்வளவு சாதாரணமாகக் கேட்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாகக் கேட்டேன். நன்றாக இருக்கிறார், சபாவிலேயே கட்டிக்கொண்டார், இரண்டு பிள்ளைகள் என்றான். கத்தியை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். அவனுக்குப் பேச ஆள் கிடைத்த உற்சாகம்.

"மழையில ராத்திரி தூங்காம உக்காந்திருந்தா அந்தக் கதையைச் சொல்லுவாருக்கா. காட்டுல நாங்க கத்தியைக் கீழ வைக்க மாட்டோம், கைக்குக் கைதான். கூட இருக்கிறவனை நம்புறோம்னு அர்த்தம். சார்ஜன் இந்தக் கடையில ஒரு பொண்ணைக் கேட்டாராம், கையில குடுங்கன்னு. அந்தப் பொண்ணு மேசையில வச்சிட்டாங்களாம். 'அதுதான்டா பதிலு, வாயைத் திறந்து சொல்லணுமா'ன்னு சிரிப்பாரு. அவங்க இன்னும் இங்க இருக்காங்களாக்கா?"

"இல்ல தம்பி. எப்பவோ போயிட்டாங்க" என்றேன்.

அதுவரை ஒருநாளும் செய்யாத ஒரு காரியத்தை அடுத்த நொடி செய்தேன். எந்த ஞாபகமும் இல்லாமல், கையிலிருந்த கத்தியை அவனிடம் நீட்டினேன். அவன் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"ஐயோ அக்கா, கீழ வைங்க. காட்டுல வேற, இங்க வேற. கையில வாங்கினா ஒறவு முறிஞ்சு போகும்னு எங்கம்மா..."

பாதியில் நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான், மேசைத் துணியைப் பார்த்தான், மறுபடியும் என்னைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"அக்கா... அது நீங்கதானா? அதுக்காகவா கீழ வச்சீங்க?"

நான் கத்தியைத் துணியில் வைத்தேன். அவன் அதை எடுக்கவில்லை.

"அவருக்குத் தெரியாதுக்கா. அவருக்குச் சொல்லிக் குடுக்க யாரும் இல்லையே. நாளைன்னைக்கு நான் கேம்ப்புக்குத் திரும்பிடுவேன். சொல்லட்டுமா?"

சொல்லு என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ரெண்டு பிள்ளைங்கன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாக்கா."

"அப்ப வேணாம் தம்பி" என்றேன்.