வரையாட்டுத் தலை இன்னும் காயவில்லை

ஒரு மாதமாக ஒரகடம் பக்கம் ஒரு வதந்தி சுற்றுகிறது. கார் பம்பர் செய்யும் ஓர் ஆலையின் தலைவர் எழிலரசன், ஐம்பத்தேழு வயதில், கத்திரி வெயிலில், வரையாட்டு வேஷம் போட்டுக்கொண்டு ஐந்து கிலோமீட்டர் ஓடி முடித்தாராம். லிஃப்ட் பழுதான அன்று, மாடியில் நடக்கவிருந்த கூட்டத்தையே தரைக்கு இறக்கி வைத்தவர் அவர். அதனால் விசாரித்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

ஓட்டம் நடந்தது உண்மை. அழிந்துவரும் வரையாட்டைக் காப்பாற்ற நிதி திரட்டுவதற்காக அந்த ஆலையே அதை நடத்தியது. வரையாடு மேகம் உரசும் மலைப்பாறையில் வாழ்கிற பிராணி. ஒரகடத்தில் மேம்பாலத்தைவிட உயரமான பாறை கிடையாது. இருக்கட்டும், தூரத்து ஜீவன்மேல் அன்பு வைப்பதில் ஒரு வசதி உண்டு. பக்கத்து ஜீவன் அப்படியில்லை, இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆலைக்குப் பின்னால் இருந்த குட்டையை மூடி வண்டி நிறுத்த இடம் பண்ணியபோது, அங்கிருந்த நாரைகளுக்காக யாரும் ஓடவில்லை. நாரைகள்தான் போயின.

வடக்குப்பட்டு திருப்பத்தில் டீக்கடை வைத்திருக்கும் கங்காவிடம் கேட்டேன். ஓட்டம் அவர் கடை வாசல் வழியாகத்தான் போனது.

“எம்டி சாரா? இன்னா சார் காமெடி பண்றே? ஆடு மூச்சு வாங்கிகினு வந்து நம்ம கடையாண்ட நின்னுச்சு. ‘யக்கா, குடிக்கத் தண்ணி தாங்க’ன்னுச்சு. அந்த ஆளு என்னிக்கு என்னை அக்கான்னு கூப்ட்டான்? ஹாரன் அடிச்சுத்தான் கூப்புடுவான்.”

“அப்ப உள்ளே யாரு?”

“திருநெல்வேலிப் பசங்க கொரலு. சேரப்பணஞ்சேரி ரூம்ல போய்க் கேளு. வேஷத்தைக் கொடியில காயப் போட்டுகீறான், இங்கேர்ந்தே கொம்பு தெரியுது பாரு.”

தெரிந்தது. மொட்டை மாடிக் கொடியில், சீருடைச் சட்டைகளுக்கு நடுவே, இரண்டு கொம்புகள்.

அந்தத் தலைக்குச் சொந்தக்காரர், அதாவது தற்போதைக்குச் சொந்தக்காரர், இசக்கிதுரை. நாங்குநேரிப் பக்கத்துக்காரர். ஐடிஐ முடித்துவிட்டு வந்து நான்கு வருடமாகப் பம்பர் லைனில் ஒப்பந்தத் தொழிலாளி. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை அவரை அனுப்பிவிட்டு மறுபடி புதிதாகச் சேர்ப்பார்கள். நான்கு வருடத்தில் நான்கு முறை புதியவர். அறையில் ஆறு பேர், பாய் மூன்று. ஷிஃப்ட் மாறும்போது பாயும் ஆள் மாறும்.

“ஓடறதுக்கு உங்களைத்தான் தேர்ந்தெடுத்தாங்களா?” என்று மாடியிலேயே கேட்டேன்.

“ஆமா அண்ணாச்சி. சார் ஒசரமும் என் ஒசரமும் ஒண்ணுன்னு ஹெச்ஆர் மேடம் லைன்ல வந்து கண்டுபிடிச்சாவ. என்னைய நிக்க வச்சு டேப்பால அளந்தாவ. நான் ப்ரமோஷனோன்னு நினைச்சிட்டேன்.”

ஹெச்ஆர் மேடம் ப்ரீதி. சார்தான் ஓடுவதாக அறிவித்தாகிவிட்டது, சாருக்கு முதுகு சரியில்லை, நடுவில் கொஞ்ச தூரம் மட்டும் நீங்கள் ஓட வேண்டும் என்றார். பதிலுக்கு இசக்கிதுரை ஒன்றே ஒன்று கேட்டார். வைகாசியில் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவு. இந்த வருடம் சாமி வேட்டைக்குப் போகும்போது முன்னால் தீப்பந்தம் பிடித்து ஓடுவது அவர்கள் குடும்பத்து முறை. அப்பாவுக்கு மூட்டு வலி, இவர்தான் ஓட வேண்டும்.

“ரெண்டு நாள்தானே? நான் பாத்துக்கறேன் இசக்கி,” என்றார் ப்ரீதி.

ஞாயிற்றுக்கிழமை காலை, மேளதாளத்தோடு, வரையாடாக எழிலரசன் புறப்பட்டார். கொடி அசைந்தது, கேமரா மின்னியது. முதல் வளைவில் ஆம்புலன்ஸ் நின்றது. ஆடு அதற்குள் ஏறியது, உள்ளே வேஷம் ஆள் மாறியது. வேறோர் ஆடு இறங்கி ஓடியது. கடைசி வளைவிலும் ஓர் ஆம்புலன்ஸ். ஓடி வந்த ஆடு ஏறியது. ஏசி காரில் வந்து காத்திருந்த ஆடு இறங்கியது. வேர்வையில் ஊறிய தலையை மாட்டமாட்டேன் என்று எழிலரசன் அதைக் கையில் பிடித்துக்கொண்டார். தண்ணீர் பாட்டிலைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு, களைத்த முகத்தோடு கோட்டைத் தாண்டினார். தொடக்கமும் முடிவும் அவருடையவை. நடுவில் இருந்த ஓட்டம் மட்டும் இன்னொருவருடையது. ஆலையே அப்படித்தான் நடக்கிறது, இதற்கு எதற்குத் தனியாக ஒரு வேஷம்?

“நாறுது, துவைச்சு எடுத்துட்டு வாங்க,” என்று தலையை இசக்கிதுரை கையிலேயே திணித்துவிட்டுப் போனார்கள்.

இதுவரை சிரித்துவிட்டேன். இனிமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொடைக்கு முந்தைய வாரம் லீவு கேட்டுப் போனார் இசக்கிதுரை. ப்ரீதி கம்ப்யூட்டரைப் பார்த்தார். “இசக்கி, அந்த சண்டே உங்களுக்கு ஓவர்டைம் போட்டிருந்தாங்களே. நீங்க வரலை. ஓவர்டைமுக்குப் பேர் குடுத்துட்டு ஆப்சென்ட் ஆனா அடுத்த லீவு கிடையாது, ரூல் தெரியும்ல?”

“மேடம், அன்னைக்கு நான் ஆடுல்லா?”

“அதை எப்படிங்க எழுதறது? ஓடினது சார். ஆன் ரெக்கார்ட் நீங்க அங்கே இல்லவே இல்லை.”

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை அந்த அம்மாள். மெய்யாகவே வருத்தப்பட்டாராம், தண்ணீர்கூடக் கொடுத்தாராம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு மனிதன் உடம்பு வெந்து ஓடியிருக்கிறான். ஓடினான் என்றால் பெரியவர் பொய்யர். ஓடவில்லை என்றால் இவன் டிமிக்கி. இரண்டில் எது வசதி என்று யோசிக்க அவர்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பறிகொடுத்தவனுக்கு அனுதாபமாகத் தண்ணீர் கொடுக்கும் பழக்கத்தை எந்தப் படிப்பில் சொல்லித் தருகிறார்கள்?

கொடை நடந்தது. அந்த இரண்டு நாளும் இசக்கிதுரை பம்பருக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தார். பந்தம் பிடித்தது சித்தப்பா மகன். அப்பா இன்னும் போனை எடுப்பதில்லை.

“ஊர்ல கொடைக்கு ஆட்ட நிக்க வச்சு வெட்டுவோம் அண்ணாச்சி,” என்றார். “இங்க ஓட வுட்டுல்லா வெட்டுதாவ.”

சொல்லி முடிக்கவில்லை, போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். ப்ரீதி.

“இசக்கி, அந்த ஆட்டுத் தலை எங்கே? வெள்ளிக்கிழமை சாருக்கு வனவிலங்கு ஆர்வலர் விருது. மேடையில அதைக் கையில வச்சுக்கிட்டு நிக்கணும்.”

இசக்கிதுரை மாடிக் கொடியைப் பார்த்தார். தலை அப்பளமாய்க் காய்ந்து, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“தல இன்னும் காயல மேடம்.”

“என்னது? ஒரு மாசமா? இந்த வெயில்லயா?”

“உள்ள கெட்டிப் பஞ்சுல்லா மேடம்.”

“எவ்வளவு நாளாகும்?”

“ரெண்டு நாளு ஆவும் மேடம்.”



“எந்த ரெண்டு நாள் இசக்கி?”

“நீங்க பாத்துக்கறேன்னு சொன்னிய பாத்தியளா, அந்த ரெண்டு நாளு.”

போன் வைக்கப்பட்டது. எந்தப் பக்கம் முதலில் வைத்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை. கீழே இறங்கி, திருப்பம் வரை வந்து திரும்பிப் பார்த்தேன். கொம்புகள் அங்கேயே இருந்தன.