தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து ஒரு ரூபாய்

என் மாமனார் வெள்ளைத்துரை முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ் கண்டக்டர். திருநகர்ப் பக்கம் அவர் பஸ்ஸில் ஏறாத ஆளும் இல்லை, ஏறி அவரிடம் திட்டு வாங்காத ஆளும் இல்லை. "உள்ள போ, உள்ள போ, உள்ள என்ன பாம்பா கெடக்கு" என்று அவர் போடும் சத்தத்தில் படிக்கட்டுத் தொங்கல் பையன்கள் எல்லாம் ஒழுங்காக மேலே ஏறிவிடுவார்கள். எனக்குப் பெண் கொடுக்கிற நிச்சயத்தன்றும் அதே குரல்தான். "அவனியாபுரத்துல லேத் பட்டறைன்னா மாசம் எம்புட்டு நிக்கும் மாப்ள?" என்று ஊரே கேட்கிற மாதிரிக் கேட்டார். எனக்கு மானம் போயிற்று.

அந்த மனிதர் எட்டு மாதமாகச் சத்தம் போடவில்லை. போன தை மாதம் என் அத்தை அன்னக்கொடி, அதாவது அவர் மனைவி, இறந்துபோனார். அன்றிலிருந்து மாமா நேரத்துக்கு எழுந்தார், குளித்தார், வைத்ததைச் சாப்பிட்டார், கேட்டதற்கு "ம்" என்றார். அழவில்லை. "கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி வரல பாத்தீங்களா" என்று சொந்தக்காரர்கள் பந்தியில் உட்கார்ந்து பேசினார்கள். இழவு வீட்டில் யார் எவ்வளவு அழுகிறார்கள் என்று அளப்பதற்கென்றே நாலு பேர் வருவார்கள். அவர்களுக்கும் சோறு போட்டுத்தான் அனுப்ப வேண்டியிருக்கிறது.

மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பையில் சேருகிற சில்லறையை டெப்போவில் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு ஒரு ரூபாயையும் திருப்பிப் பார்ப்பார். வருஷத்துக்குக் கீழே சின்னதாக ஒரு நட்சத்திரமோ புள்ளியோ இருக்கும். எந்த ஊரில் அடித்த காசு என்பதற்கு அது அடையாளம். தன்னிடம் இல்லாத காசு வந்தால் எடுத்துக்கொண்டு, பதிலுக்குத் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாயைப் போட்டுவிடுவார். அப்படிச் சேர்த்ததெல்லாம் ஓர் ஆல்பத்தில் இருந்தன. அரிதான காசு என்று அதில் ஒன்றும் கிடையாது. எல்லாம் நாம் டீ குடித்த காசுதான். வருஷ வரிசையில், ஒரு குழிகூடக் காலியில்லாமல் இருந்தது என்பதுதான் அவருக்குப் பெருமை.

அத்தை அந்த ஆல்பத்தைத் தொட்டதே இல்லை. "செலவழிக்க வேண்டிய ரூவாயப் பூட்டி வச்சு அழகு பாக்குறாரு" என்று கேலி பண்ணுவார். அவருக்கும் ஒரு ரூபாயில் ஒரு வேலை இருந்தது. வீட்டில் யாருக்கு என்ன என்றாலும் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்துவிடுவார். என் மனைவி முனீஸ்வரியின் பிளஸ் டூ பரீட்சைக்கு ஒரு முடிச்சு, நான் பைக்கிலிருந்து விழுந்தபோது ஒரு முடிச்சு, எங்கள் மகள் ரோகிணிக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் ஒரு முடிச்சு. காரியம் நடந்ததும் அதே காசைப் பாண்டி கோயில் உண்டியலில் சேர்த்துவிட வேண்டும். முடிந்த காசை மாற்றக் கூடாது, மறக்கவும் கூடாது. தனக்கென்று அவர் எதுவும் முடிந்து வைத்ததாக எனக்கு நினைவில்லை.

அவர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இரண்டு மாதம் படுக்கையில் கிடந்து போன உயிர். ஆஸ்பத்திரியில் "இனி வீட்ல வச்சுப் பாத்துக்கங்க" என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. சடங்கு சொல்ல வந்திருந்த முனீஸ்வரியின் பெரியப்பா சுருளி கையை நீட்டினார்.

"நெத்திக்கு வைக்க ஒத்த ரூவா குடுங்கப்பா."

ஒருவரிடமும் இல்லை. நாற்பது பேர் நின்றோம். எல்லோரும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்து, ஃபோனைத்தான் எடுத்தோம். டீக்கும் ஜிபே, பூவுக்கும் ஜிபே என்று ஆனபிறகு எவன் சில்லறை வைத்திருக்கிறான்? ஒருவர் ஐந்து ரூபாய் கொடுத்தார். "ஒத்த ரூவாதான்யா வைக்கணும், இதுல என்ன தாராளம்?" என்று பெரியப்பா கத்தினார். தெருமுனைப் பெட்டிக்கடையில் வாங்கலாம் என்றால், சாவுக்கு மரியாதையாகக் கடைக்காரனும் சாத்திவிட்டு இங்கே வந்து நிற்கிறான். வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. பெரியப்பா என்னைப் பார்த்து, "அழகுபாண்டி, நீ எல்லாம் ஒரு வீட்டு மாப்ளயா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. உள்ளே போய், பீரோவைத் திறந்து, ஆல்பத்தை நடுவில் பிரித்து, கையில் அகப்பட்ட குழியிலிருந்து ஒரு காசைப் பிதுக்கி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். சந்தனத்தைத் தொட்டு அத்தை நெற்றியில் ஒட்டினார்கள். மாமா ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுடுகாட்டில் அங்கே வேலை பார்க்கிறவர் அந்தக் காசை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அது அவருக்குச் சேர வேண்டியதுதான்.

வேறொரு ரூபாய் கொண்டுவந்து குழியில் வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். எந்த வருஷம் என்று நான் பார்த்து வைத்திருந்தால்தானே? பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாமான்களைக் கழுவிக் கவிழ்க்கும்போது மாமா ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"தொண்ணூத்தி மூணு, நட்சத்திரம் போட்டது. காணோம்."

எல்லோரும் இருந்தார்கள். சொல்ல வாயெடுத்தேன். பெரியப்பாவும் உட்கார்ந்திருந்தார். அதற்குள் மாமா அவராகவே சொன்னார்: "உங்க அத்தைதான் எடுத்திருக்கா. எதுக்கோ முடிஞ்சு வச்சிருக்கா."

நான் வாயை மூடிக்கொண்டேன். அன்று மூடியது எட்டு மாதம் திறக்கவில்லை.

அதன்பிறகு அவர் வீட்டைத் தேட ஆரம்பித்தார். அரிசி டிரம், அஞ்சறைப்பெட்டி, சேலை மடிப்பு, தலையணை உறை ஒன்றையும் விடவில்லை. அம்மா நினைப்பில் அம்மா சாமான்களை எடுத்து எடுத்துப் பார்க்கிறார் என்று முனீஸ்வரி என்னிடம் சொல்லி அழுவாள். அவர் மஞ்சள் துணியைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் திருநகரில் மாமா வீட்டுக்குப் போவோம். ஒவ்வொரு ஞாயிறும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஆட்டுக்கறியைத் தின்றுவிட்டுத் திரும்பி வருவேன். வெட்கமாகத்தான் இருந்தது.

புரட்டாசியில் முனீஸ்வரிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்தில் நாணயக் கண்காட்சி, இரண்டு நாள், அனுமதி இலவசம். "அப்பாவக் கூட்டிட்டுப் போவம்ங்க. காசைப் பாத்தாலாவது மனுசன் வாயத் தொறக்குறாரான்னு பாப்பம்" என்றாள். மாமா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். கேட்டதும், "எத்தன மணிக்கு?" என்றார். நாங்கள் வேனில் போய் நிற்கும்போது சட்டையை இஸ்திரி போட்டு, வாசலில் செருப்போடு தயாராக இருந்தார். முனீஸ்வரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வேன் கதவைத் திறந்துவிட்டேன்.

மண்டபத்தில் ஏகப்பட்ட கூட்டம். மேசைக்கு மேசை வெள்ளைத் துணி விரித்து, கண்ணாடிக்குக் கீழே மீன் போட்ட பாண்டியர் காசு, கும்பினிக் காசு, ஓட்டைக் காலணா என்று பரப்பியிருந்தார்கள். ரோகிணி ஒவ்வொரு மேசையிலும் எம்பி எம்பிப் பார்த்தாள். "தாத்தா, இங்க பாருங்க, காசுல ஓட்டை!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். மாமா பார்த்தார். "ம்" என்றார். ஆயிரம் வருஷத்துக் காசையும் பார்த்தார். அதற்கும் "ம்"தான். விற்கிறவர்கள் ஆர்வமாக விளக்கம் சொன்னார்கள். அவர் காதில் எதுவும் ஏறியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு மேசையிலும் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்.

"ஒரு ரூவா, தொண்ணூத்தி மூணு, கீழ நட்சத்திரம். இருக்கா?"

"அது ஓடுற காசுண்ணே. அதெல்லாம் யாரு கொண்டாருவா?" என்று சிரித்தார்கள்.

கடைசி வரிசையில் மேலூர்க்காரர் ஒருவர் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் கலவையாகக் காசுகளைக் கொட்டி, எது எடுத்தாலும் இருபது ரூபாய் என்று அட்டை வைத்திருந்தார். மாமா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு அந்தக் கை வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். வலது கையால் அள்ளி, இடது கையில் பரப்பி, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒரு ரூபாய் தனியாக, மற்றது தனியாக. பஸ் ஆடுகிற ஆட்டத்தில் சில்லறை எண்ணிப் பழகிய கை.

"பழையபடி ஆயிட்டாரு பாருங்க" என்று முனீஸ்வரி என் காதில் சொன்னாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. ரோகிணிக்குப் பசி என்று இருவரும் வாசலில் பஜ்ஜி சாப்பிடப் போனார்கள். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். அந்தக் காசு அதில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த நிமிஷமே, கிடைத்துத் தொலைந்தால் விஷயம் முடிந்துவிடுமே என்றும் வேண்டிக்கொண்டேன். நடுவில் தொண்ணூற்று மூன்று ஒன்று வந்தது. புள்ளி போட்டது. ஓரமாகத் தள்ளிவிட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகியிருக்கும், கை நின்றது. வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"நட்சத்திரம்" என்றார்.

மேலூர்க்காரருக்குப் பாவமாகப் போயிற்று. "இதுக்கா அண்ணே இம்புட்டு நேரம்? சும்மா எடுத்துட்டுப் போங்க."

"சும்மா வாங்குனா வேண்டுதலுக்கு ஆகாது" என்று இருபது ரூபாய்த் தாளை நீட்டினார்.

வாசலுக்கு வந்தோம். தாயும் மகளும் பஜ்ஜி வண்டியடியில் நின்றார்கள். மாமா சட்டைப்பையிலிருந்து மஞ்சள் துணி ஒன்றை எடுத்தார். வீட்டிலிருந்தே மஞ்சளில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்திருக்கிறார். காசை அதில் முடிந்தார்.

"வண்டியப் பாண்டி கோயிலுக்கு விடுங்க மாப்ள. அவ முடிஞ்சதத் தேடிப் பாத்துட்டேன், கெடைக்கல. அதே காசு இல்லன்னாலும் அதே மாதிரிக் காசு. சாமி ஏத்துக்கிரும். அவ பேர்ல பாக்கி இருக்கக் கூடாது."

செத்துப்போன பெண் வாங்காத கடனை என்னால் சுமந்துகொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பொய்யைச் சாமி வரைக்கும் கொண்டுபோக வேண்டாம் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். பெரியப்பா கேட்டது, ஒருவரிடமும் சில்லறை இல்லாதது, பீரோவைத் திறந்தது, நெற்றியில் ஒட்டியது, எல்லாம். "அத்தை எடுக்கல மாமா. நான்தான் எடுத்தேன். மன்னிச்சிருங்க" என்றேன். எட்டு மாதப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. திட்டுவார், பஸ்ஸில் கத்துகிற மாதிரிக் கத்துவார் என்று நின்றேன். உண்மையில், கத்தட்டும் என்று ஆசையாகவே இருந்தது.

அவர் முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப அவ எதையும் முடியலையா?"

"இல்ல மாமா."

"தனக்குன்னு ஒண்ணும் வேண்டிக்கிறலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பொழைக்கணும்னு சாமிகிட்ட கேட்டிருக்கா, என்கிட்டதான் சொல்லலன்னு நெனச்சேன் மாப்ள" என்றார். குரல் உயரவில்லை. "எனக்குத் தெரியாம என் ஆல்பத்துல கை வச்சிருக்கான்னா, எம்புட்டு ஆசை இருந்திருக்கும்னு நெனச்சேன். சாமி குடுக்கலையேன்னு சாமி மேல கோவமா இருந்தேன். எட்டு மாசம் அத வச்சுத்தான் ஓட்டுனேன்."

"என் மேல கோவப்படுங்க மாமா."

"உங்க மேல என்ன கோவம். நீங்க அவசரத்துக்கு எடுத்தீங்க." முடிச்சை மெதுவாக அவிழ்த்தார். துணி தனியாக, காசு தனியாகக் கையில் இருந்தன. எதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆசையே இல்லாமத்தான் போயிருக்கா" என்றார்.

அப்போதும் அழவில்லை. நான்தான் அழுதேன். முனீஸ்வரி ஓடிவந்து என்னவென்று கேட்டாள். மாமாவே, "ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போவம்" என்றார். வண்டியைத் திருநகருக்கு விட்டேன். அன்றைக்கு நான் வாயை மூடிக்கொண்டு பாண்டி கோயிலுக்கு வண்டியை விட்டிருக்க வேண்டும்.