பதினான்காம் எண் பெல்ட்

2024 ஜூலை 1 — 43
ஜூலை 2 — 39
ஜூலை 3 — 46
ஜூலை 4 — 3
ஜூலை 5 — 2
ஜூலை 6 — 2

முத்திருளன் பெயருக்குக் கொடுத்த பதினான்காம் எண் பெல்ட், ஒரு வேலைநாளில் எத்தனை முறை கத்தியது என்ற கணக்கு இது. கப்பலூர் போகும் வழியில் உள்ள மளிகைக் கிடங்கில், ஜூலை முதல் தேதி, மூட்டை சுமக்கும் பதினாறு பேருக்கும் ஆளுக்கொரு எண் போட்ட பெல்ட் கொடுத்தார்கள். அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. முதுகை வளைத்துத் தூக்கினாலோ, தூக்கியபடியே உடம்பைத் திருப்பினாலோ கீச்சென்று கத்தும். அந்தக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போகும். யார் இடுப்பு கெடப்போகிறது என்று ஏ.ஐ. முன்கூட்டியே சொல்லிவிடும்.

"அதிகமா சத்தம் வர்றவங்களுக்கு லேசான வேலை தருவோம். சம்பளம் குறையாது" என்றார் ரோகிணி. கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் பாதுகாப்பு அதிகாரி அவர். சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இதே கிடங்கில் பிரஷர் பார்க்க முகாம் போட்டார்கள். பிரஷர் இருந்த மூன்று பேருக்கு மறுவாரமே வேலை இல்லை.

முத்திருளனுக்கு வயது ஐம்பத்து மூன்று. சுமக்க ஆரம்பித்து இருபத்தேழு வருடம். மூன்றாம் நாள் மாலை டீக்கடையில், கூடச் சுமக்கும் அருள்பாண்டி கேலி செய்தான்.

"நாப்பத்தாறாம்ல அண்ணே! இடுப்புல பெல்ட்டக் கட்டியிருக்கீங்களா, கோழிக்குஞ்சக் கட்டியிருக்கீங்களா?"

"சிரிக்காதடா. பிரஷர் பாத்துட்டு மூணு பேர வீட்டுக்கு அனுப்புனாய்ங்கள்ல? அடுத்து நாந்தான்."

அவர்கள் ஆறு பேர் ஒரு செட். லாரிக்கு இத்தனை மூட்டை என்பதோடு கணக்கு முடிந்தது. அதில் யார் எத்தனை சுமந்தார்கள் என்று கேட்பது அவர்களுக்குள் வழக்கமில்லை. ஒருவருக்கு முடியாத நாளில் மற்ற ஐந்து பேரும் அவர் பங்கைச் சேர்த்துச் சுமந்துவிடுவார்கள். அப்படித்தான் இதையும் அருள்பாண்டி எடுத்துக்கொண்டான்.

"உங்க பதினாலு எங்கிட்ட இருக்கட்டும். என் ஒம்பத நீங்க கட்டுங்க."

"உன் பேர்ல கத்துமேடா."

"கத்தட்டும். எனக்கு இருபத்தெட்டு வயசு. என்னைய எவன் கெழவன்னு அனுப்புவான்?"

நான்காம் தேதியிலிருந்து அந்த மாதம் முழுக்க இப்படியே நடந்தது.

ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை, பட்டியல் ஒட்டினார்கள். அருள்பாண்டியின் இடுப்பு ஆபத்தில் இருப்பதால் அவனுக்கு லேபிள் ஒட்டும் மேசை, சம்பளம் அதே. முதுகை நேராக வைத்துத் தூக்குவதில் முதலிடம் முத்திருளனுக்கு என்பதால், அவருக்கு ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டை இறங்கும் மூன்றாம் வாசல். "அண்ணனப் பாத்து எல்லாரும் கத்துக்கங்க" என்று ரோகிணி கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். முத்திருளன் தலை நிமிரவில்லை. அந்த அம்மா சொன்னது நிஜம். பெல்ட்டை மாற்றாமல் இருந்திருந்தால் அந்த மேசை அவருடையது.

மறுநாளே அவரவர் பெல்ட்டைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அன்று பதினாலு 58 முறை கத்தியது. ஆனால் அடுத்த பட்டியல் நவம்பரில்தான்.

"என்னண்ணே ஆச்சு? நல்லாத்தானே தூக்குனீங்க?" என்று ரோகிணி கேட்டார்.

"சரியாயிரும்மா."

சரியாகவில்லை. ஆகஸ்ட் 29, காலை பதினொன்று இருபதுக்கு, மூட்டையோடு திரும்பியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடது கால் மரத்துப்போயிருந்தது. தண்டுவட ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, இனிமேல் பாரம் தூக்கவே கூடாது என்றார் பெரியாஸ்பத்திரி டாக்டர். மேசை வேலை கேட்டு முத்திருளன் செப்டம்பர் 16 அன்று மனுக் கொடுத்தார். அக்டோபர் 3 அன்று பதில் வந்தது. ஜூலைப் பதிவின்படி சரியாகத் தூக்கும் முறை அவருக்குத் தெரியும்; தெரிந்தும் ஆகஸ்டில் அலட்சியமாகத் தூக்கியதால் வந்த காயம்; ஆகவே மேசை வேலை கிடையாது.

அன்று மாலையே அருள்பாண்டி அவருடைய பழங்காநத்தத்து வீட்டுக்கு வந்தான். "நான் போயி உள்ளதச் சொல்லிர்றேன் அண்ணே."

"பெல்ட்ட மாத்துனா வேலைய விட்டுத் தூக்கிருவோம்னு கையெழுத்து வாங்கியிருக்காய்ங்க. உம் பொண்டாட்டிக்கு இது ஏழாம் மாசம். பேசாமப் போ."

அவன் கேட்கவில்லை. அக்டோபர் 7 அன்று ரோகிணியிடம் சொல்லிவிட்டான். மதியமே அவர் ஸ்கூட்டி முத்திருளன் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஒச்சாயி தண்ணீர் கொடுத்துவிட்டுப் புருஷன் பக்கத்திலேயே நின்றாள்.

"அருள்பாண்டி சொன்னது நெஜமாண்ணே? நீங்க ஆமான்னு எழுதிக் குடுத்தா, அடிபட்டவருக்கு மட்டும் விலக்கு குடுங்கன்னு நான் சென்னை ஆபீஸ்ல பேசி அந்த மேசைய உங்களுக்கு வாங்கித் தருவேன்."

"அவன் என்ன ஆவான்?"

ரோகிணி தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "ரூல் இருக்குண்ணே. அத நான் மாத்த முடியாது."

"அப்ப அவன் சும்மா சொல்றாம்மா. எம்மேல உள்ள பிரியத்துல ஒளறியிருக்கான். பதினால நாந்தான் கட்டியிருந்தேன், ஜூலை மாசம் பூராவும்."

"அண்ணே, நீங்க பொய் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியுது."

"நான் சொன்னத எழுதிக்கங்கம்மா."

அவர் எழுதினார். முத்திருளன் கையெழுத்துப் போட்டார். ஸ்கூட்டி சத்தம் தெருமுனை தாண்டிய பிறகுதான் ஒச்சாயி வாய் திறந்தாள்.

"அந்தப் புள்ள மேச வேல வாங்கித் தாரேன்னு வீடு தேடி வந்துச்சு. வேணாம்னுட்டீகளே. இனி எம்புட்டு நாளைக்கு இப்பிடியே படுத்துக் கெடப்பீக?"

முத்திருளன் இடது காலை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டார்.

முத்திருளன் கையெழுத்திட்ட வாக்குமூலம் இருப்பதால் அருள்பாண்டியின் பேச்சை ஏற்பதற்கில்லை என்றும், மேசை வேலை தர இயலாது என்றும், சுமக்க முடியாதவரைப் பணியிலிருந்து விடுவித்திருக்கிறோம் என்றும், இதுவே இறுதி முடிவு என்றும் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. பதிவுத் தபால். ஒச்சாயி கையெழுத்திட்டு வாங்கினாள். 2024 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை.