அத்தையின் தனி மேஜை

என் மாமியார் கமலாட்சி வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் ஹோட்டலில் சாப்பிடுவார். ஆகஸ்ட் பதினேழு, அவருடைய பிறந்தநாள். அபர்டீன் பஜாரில் ஒரு மாடி ஹோட்டலுக்கு மாலை ஏழு மணிக்குத் தனியாகப் போவார். தனியாக என்றால் தனியாகத்தான். மாமா தங்கையா கல்லுக்குண்டாக டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். மகன் குணா இருப்பார், மருமகள் நான் இருப்பேன். ஒருவரையும் கூப்பிட மாட்டார். செல்போனைக்கூட அணைத்துவிடுவார்.

கல்யாணமாகி விருதுநகரிலிருந்து இந்தத் தீவுக்கு வந்த முதல் வருடம் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் வருடம் எரிச்சல். கீழ்வீட்டு மீனா அக்கா வேறு, "என்ன நளினி, ஒங்க அத்த ஹோட்டல்ல ஒத்தையா ஒக்காந்து சாப்புடுறாங்களாமே. வீட்ல ஏதும் கட்பட்டா, சண்டையா?" என்று கேட்டுவைத்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மாமியாரைத் துரத்திவிட்ட மருமகள் என்று பெயர் வாங்கவா நான் கடல் தாண்டி வந்தேன்?

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபம் நியாயமானது என்று நினைத்துவிடுவீர்கள். அவர் ஒரு பள்ளி விடுதியில் சமையல்காரர். வெளித்தீவுகளிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் நூற்றிருபது பிள்ளைகளுக்கு ஆக்கிப்போடுகிறவர். விடிகாலை நாலரைக்கெல்லாம் அடுப்படியில் நிற்பார். மெயின்லேண்ட் கப்பல் தாமதமானால் பஜாரில் தக்காளியைக் கண்ணால் பார்க்க முடியாது. அந்த வாரங்களிலும் பச்சைப் பப்பாளிக் கூட்டு, வாழைத்தண்டு சாம்பார் என்று தட்டில் ஏதாவது புதிதாக விழும். ஒரு மழைக்காலத்தில் காஸ் தீர்ந்துபோய் சிலிண்டர் வண்டியும் வரவில்லை. பின்பக்கம் செங்கல் அடுக்கி விறகு மூட்டிவிட்டார். பன்னிரண்டரைக்கு மணி அடித்தபோது சோறு தயார். எந்தப் பிள்ளை சோற்றை மிச்சம் வைக்கிறது என்று பார்த்தே, யாருக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்று வார்டனிடம் சொல்லிவிடுவார்.

அவ்வளவும் முடித்து வீட்டுக்கு வந்து எங்களுக்கும் சமைப்பார். நான் கரண்டியைத் தொட்டால், "நீ ஆபீஸ் போய்ட்டு வந்தவ, ஒக்காரு" என்பார். அவர் மட்டும் சினிமாவுக்குப் போய்விட்டு வந்தவராம்.

மூன்றாம் வருடம், அதாவது போன ஆகஸ்டில், நான் ஒரு திட்டம் போட்டேன். அத்தைக்குத் தெரியாமல் நாங்கள் எல்லோரும் முன்கூட்டியே ஹோட்டலுக்குப் போய்க் கேக்கோடு காத்திருப்பது. மாமா மட்டும் தடுத்தார்.

"வேணாம்மா நளினி. அது அவ நேரம். வருசத்துக்கு ஒண்ணே ஒண்ணு."

சட்டை மாற்றிக் கிளம்பச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். அவரையும் இழுத்துக்கொண்டுதான் போனேன். நாத்தனார் வைஜெயந்தி ஆறு மாதக் கர்ப்பம். அவளும் எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஃபெர்ரி பிடித்து வந்துவிட்டாள். இரண்டு மேஜைகளைச் சேர்த்துப்போட்டு உட்கார்ந்தோம்.

சரியாக ஏழு மணிக்கு அத்தை கடுகு நிறச் சேலையில் படியேறி வந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு நொடி வாடியது. நான் அதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி கைதட்டினேன். மறுநொடியே சிரித்துக்கொண்டு வந்து கேக் வெட்டி எல்லோருக்கும் ஊட்டினார்.

அவர் எப்போதும் கேட்பது முழு சங்கரா மீன் வறுவலும் சுடுசோறும். எல்லோருக்கும் அதையே சொன்னோம். தட்டுகள் வந்ததுதான் தாமதம், அத்தை மாமாவின் மீனைத் தன் பக்கம் இழுத்து முள் எடுக்க ஆரம்பித்தார். குணாவின் தட்டுக்கு ரசம் போனது. "இது ஒனக்குக் காரம்டி" என்று வைஜெயந்தியின் மீனிலிருந்து மசாலாவை வழித்துப் போட்டார். சர்வர் சோறு போட வந்தபோது, "ரஹ்னே தோ பையா, இருக்கட்டும்" என்று கரண்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். சர்வர் வேலையில்லாமல் சுவரோரம் நின்றார். பிறந்தநாள்காரி எழுந்து நின்று பரிமாறிக்கொண்டிருந்தார்.

அவருடைய மீன் தொடாமல் கிடந்தது. அதன் மேல் எண்ணெய் உறைந்திருந்தது.

இந்த மனுஷி வருடத்தில் ஒரே ஒரு வேளை, இன்னொருவர் சமைத்து, இன்னொருவர் போட, உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறார். நூற்றிருபது தட்டு போதாதென்று நான் இங்கேயும் நாலு தட்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். மீனா அக்கா என்ன நினைப்பார் என்பதற்காக.

எழுந்தேன். "எல்லாரும் கெளம்புங்க. மிச்சத்தப் பார்சல் கட்டிக்கலாம்."

"என்ன நளினி, இன்னும் பாதிகூட முடியல" என்றார் குணா. மாமா அதற்குள் கை கழுவப் போய்விட்டார்.

சர்வர் பதறிப்போய், "க்யா ஹுவா மேடம், கானா டீக் நஹி?" என்றார். சாப்பாட்டில் குறை ஒன்றுமில்லை, அம்மாவுக்கு மட்டும் புதிதாக ஒரு மீன் வறுத்துச் சூடாகக் கொண்டுவாருங்கள் என்றேன்.

பிறகுதான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் பெரிய மனது பண்ணி "இருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நாங்கள் இருந்துதான் ஆகவேண்டும். அந்த வருடம் போனது போனதுதான்.

அத்தை என்னைப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"படி ஈரமா இருக்கு. வைஜெயந்தியக் கையப் புடிச்சு எறக்கு" என்றார். உட்கார்ந்தார்.

படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். சர்வர் புதுத் தட்டு வைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்தார். அத்தை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, போடட்டும் என்று காத்திருந்தார். ஒரு பேச்சுக்குக்கூட அவர் எங்களை இருக்கச் சொல்லவில்லை.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன்.