மூன்று மெசினும் ஒரு லான்ட்மாஸ்டரும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நெருப்பு வரவில்லையே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். வெளியில் சொல்லக்கூடிய கவலையல்ல அது.

சம்பூரில் எங்கள் வளவுக்குப் பின்னால் பற்றைக்காடு. கச்சான் காற்று தொடங்கினால் புல்லெல்லாம் காய்ந்து சருகாகிவிடும். முன்பக்கத்துக் கிடுகுக் கொட்டிலில் சின்னம்மா மூன்று தையல் மெசின்கள் வைத்துப் பள்ளிச் சீருடை தைத்தார். எங்கள் வீட்டுச் சோறு பெரும்பாலும் அந்த மெசின்களிலிருந்துதான் வந்தது.

சின்னம்மாவிடம் ஒரு திட்டம் இருந்தது. புகை காட்டுக்கு அப்பாலுள்ள குளக்கட்டைத் தாண்டினால் புறப்பட வேண்டும். அப்பா மெசின்களை ஏற்றுவார், அம்மா துணி மூட்டைகளை. தம்பிக்குத் தண்ணீர்ப் போத்தல், எனக்குத் தையல் அளவுகள் எழுதிய கொப்பி. எல்லாரும் அப்பாவின் லான்ட்மாஸ்டரில், அந்தச் சின்ன உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய பெட்டியில், ஏறிக் கடற்கரைக்குப் போவோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதைப் பழக்கியும் பார்த்தார். ஒழுங்கையில் போனவர்கள் நின்று சிரித்தார்கள்.

"இன்னும் ரெண்டு தரம் பழக்கினா மெசின் தானா ஏறி இருந்திடும்" என்றார் அப்பா.

கடைசியில் ஒரு மத்தியானம் நெருப்பு வந்தது. யாரோ காணி துப்பரவாக்க வைத்த தீ, காற்றில் கைமீறிவிட்டது. குளக்கட்டுக்கு மேலே புகை எழும்பியதைக் கண்டதும் நான் சந்தோஷமாகக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மூன்றாவது மெசினையும் ஏற்றி முடித்த நேரம், பக்கத்து வீட்டு அக்கா படலையைப் பிடித்தபடி வந்து நின்றார். நிறைமாதம். புருஷன் கடலுக்குப் போயிருந்தார். பெட்டியில் இடமில்லை.

"அத்தான், அதை இறக்குங்கோ" என்றார் சின்னம்மா.

"எதை?"

"மெசினை. கெதியா!"

எனக்குக் கோபம் வந்தது. "மூண்டு மெசினும் ஏத்துறதெண்டுதானே சொன்னனீங்கள்!"

சின்னம்மா என்னைத் தூக்கி மூட்டைக்கு மேலே போட்டார். முற்றத்து மணலில் மெசின் தனியே நிற்க, நாங்கள் புறப்பட்டோம்.

கடற்கரையில் பாதி ஊர் நின்றது. சிரித்தவர்கள் பலர் உடுத்த துணியோடு வந்திருந்தார்கள். பின்னேரம் காற்று கடல்பக்கமிருந்து திரும்ப, தீ எரிந்த நிலத்துக்கே பின்வாங்கி அடங்கியது.

மறுநாள் போய்ப் பார்த்தால் வீடு அப்படியே நின்றது. கொட்டில்தான் சாம்பல். முற்றத்து மெசினில் கரி படிந்திருந்தது. சின்னம்மா துடைத்து, எண்ணெய் விட்டு, சக்கரத்தைச் சுற்றினார். டக் டக் என்று ஊசி இறங்கியது.

"ஓடுது!" என்று அம்மா போட்ட சத்தத்தில் அயலெல்லாம் கூடிவிட்டது. அன்று பின்னேரமே வேப்பமரத்தின் கீழ் மூன்று மெசின்களும் ஓடின. அடுத்த ஞாயிறு, தங்களுக்கும் அந்தத் திட்டத்தைப் பழக்கித் தரும்படி நாலைந்து வீட்டார் கேட்டு வந்தார்கள். அப்பா அவர்களுக்குப் பெரிய அனுபவசாலிபோல விளக்கம் கொடுத்தார்.

கடற்கரையில் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இறங்கியதும் சின்னம்மா எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். முடித்ததும் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடி எண்ணினார்.

"உங்களோட ஆறு பேர் சின்னம்மா, நான் எண்ணிப்போட்டன்" என்றேன்.

"ஓம் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, தம்பியின் தலையிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

நான் பிறக்குமுன், சண்டைக்காலத்தில் இதே ஊரிலிருந்து ஓடியபோது, போய்ச் சேர்ந்த இடத்தில் எண்ணிப் பார்க்கையில் சின்னம்மாவின் தம்பி குறைந்திருந்ததை அப்போது யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. சின்னம்மாவுக்குக் கணக்கு வராதாக்கும் என்று நினைத்து, அவருக்காக நான் உரத்து எண்ணிக் காட்டினேன்.